வீட்டுக் கூரையில் சோலார்: பேனல் எவ்வளவு போடலாம், பேட்டரி வேண்டுமா? கொச்சி சொல்லும் கணக்கு

முழுக்க சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் கொச்சியில்தான் இருக்கிறது. நெடும்பாசேரியில் 45 ஏக்கரில் அமைந்த 12 மெகாவாட் சோலார் நிலையம் 2015 ஆகஸ்ட் 18-ம் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. 2018-ல் ஐ.நா.வின் 'சாம்பியன்ஸ் ஆஃப் தி எர்த்' விருதும் அதற்குக் கிடைத்தது.

ஆனால் ராத்திரி 2 மணிக்கு வளைகுடாவில் இருந்து வரும் விமானம் இறங்கும்போது, ஓடுபாதை விளக்குகள் எந்த வெயிலில் எரிகின்றன?

ஏற்பாடு இதுதான்: பகலில் மிஞ்சும் மின்சாரம் கேரள மாநில மின்வாரியத்தின் (கேஎஸ்இபி) கிரிட்டுக்குப் போகிறது. இரவில் தேவைப்படுவது அங்கிருந்தே திரும்ப வருகிறது. வங்கியில் பணம் போட்டு எடுப்பது மாதிரி. இந்தக் கணக்கில் கிரிட்தான் பேட்டரி.

மட்டாஞ்சேரியில் 3 கிலோவாட் பேனல் போடும் குடும்பமும் இதே நம்பிக்கையில்தான் கடன் வாங்குகிறது. அந்த 'இலவச பேட்டரி' எவ்வளவு காலம் இலவசமாக இருக்கும்? சொந்தமாக ஒரு பேட்டரியும் இப்போதே வாங்கிவிட வேண்டுமா? கொச்சி, சென்னை, பெங்களூரு என்று எங்கே இருந்தாலும் சோலார் பற்றி யோசிக்கும் எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும்.

முதலில், கரண்ட் போனா சோலார் ஓடுமா?

ஓடாது. பேனல் போட்ட பலருக்கு முதல் மழைக்காலத்தில் கிடைக்கும் பெரிய ஏமாற்றம் இது.

வீடுகளில் பெரும்பாலும் போடப்படுவது 'ஆன்-கிரிட்' அமைப்பு. தெருவில் கரண்ட் போனவுடன் இதன் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும். காரணம் பாதுகாப்பு. மின்கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் ஊழியர் லைன் செத்துவிட்டது என்று நம்பித் தொடும்போது, உங்கள் கூரையில் இருந்து அதில் மின்சாரம் பாயக்கூடாது.

அதனால் நல்ல உச்சி வெயிலில், மாடியில் 3 கிலோவாட் பேனல் மின்னிக்கொண்டிருக்கும்போதே கீழே ஃபேன் ஓடாமல் இருக்கலாம். மின்தடையிலும் வீடு இயங்க வேண்டும் என்றால் 'ஹைப்ரிட்' இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். விற்பனையாளர் "சோலார் போட்டா கரண்ட் கட்டே தெரியாது" என்று சொன்னால், எந்த அமைப்பைப் பற்றிச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

மானியம் எவ்வளவு?

'பிஎம் சூர்யா கர்: முஃப்த் பிஜ்லி யோஜனா' 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. 1 கோடி வீடுகள் என்பது இலக்கு. 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு. மானியக் கணக்கு இது:

- 1 கிலோவாட்: 30,000 ரூபாய்
- 2 கிலோவாட்: 60,000 ரூபாய்
- 3 கிலோவாட், அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும்: 78,000 ரூபாய்

அதாவது 3 கிலோவாட்டைத் தாண்டினால் மானியம் ஒரு ரூபாய்கூட ஏறாது. 5 கிலோவாட் போடச் சொல்லி யாராவது வற்புறுத்தினால், கூடுதல் 2 கிலோவாட்டின் முழு விலையும் உங்கள் பையில் இருந்துதான் போகிறது.

மானியம் பெற பேனல் இந்தியாவில் தயாரான செல்களைக் கொண்டதாக இருக்க வேண்டும். விற்பனையாளர்கள் இதை 'டிசிஆர் பேனல்' என்பார்கள். விலைப்பட்டியலில் அந்த வார்த்தை இல்லை என்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாதனங்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் இதையும் கவனியுங்கள்.

எத்தனை கிலோவாட் போடலாம்?

1 கிலோவாட் பேனல் நம்ம ஊர் வெயிலில் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் மாதம் சுமார் 350 யூனிட். இது ஆண்டு சராசரி. மார்ச்சில் அதிகமாகவும், ஜூன், ஜூலையில் கொச்சி வானம் கறுத்துக் கிடக்கும்போது மிகக் குறைவாகவும் வரும்.

கேரளக் கட்டணத்தில் ஒரு படிக்கட்டு உண்டு. மாதம் 250 யூனிட் வரை ஒவ்வொரு அடுக்குக்கும் தனி விலை. முதல் 50 யூனிட் மலிவு, அடுத்த 50 கொஞ்சம் கூடுதல் என்று ஏறும். 250-ஐத் தாண்டினால் இந்தச் சலுகை போய்விடும். முதல் யூனிட்டில் இருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விலை.

அதனால் 400 யூனிட் செலவாகும் வீடு, பில்லை பூஜ்ஜியமாக்க நினைக்க வேண்டிய அவசியமே இல்லை. 2 கிலோவாட் போட்டால் மாதம் சுமார் 230 யூனிட் கழிந்து, மீதி 170 யூனிட் மலிவான அடுக்குகளுக்குள் வந்துவிடும். பில்லின் பெரிய பாரம் அதிலேயே இறங்கிவிடுகிறது.

தமிழ்நாட்டில் இதே யோசனை வேறு விதம். அங்கே வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். கொஞ்சமாகச் செலவழிக்கும் வீட்டுக்கு சோலாரால் மிச்சமாகும் தொகையும் கொஞ்சம்தான். எந்த மாநிலமானாலும் கடைசி ஒரு வருட பில்லை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த அடுக்கில் எத்தனை யூனிட் கழியும் என்று பாருங்கள். அதற்குப் பிறகு விற்பனையாளரைக் கூப்பிடுங்கள்.

மட்டாஞ்சேரி கூரையில் என்ன சிக்கல்?

1 கிலோவாட்டுக்கு நிழல் விழாத சுமார் 100 சதுர அடி வேண்டும். புதிய காலனி வீடுகளில் இது எளிது. சுவரோடு சுவர் ஒட்டிய மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி தெருக்களில் அப்படியில்லை.

முதல் பிரச்னை நிழல். ஒரு வரிசைப் பேனல்கள் சங்கிலி போலக் கோக்கப்பட்டிருக்கும். பக்கத்து மாடியின் தண்ணீர்த் தொட்டி நிழலோ தென்னை மட்டையின் நிழலோ ஒரு பேனலில் விழுந்தால், அந்த வரிசையின் உற்பத்தியே பாதிக்கப்படலாம். நிழலைத் தவிர்க்க முடியாத கூரைக்கு, ஒவ்வொரு பேனலும் தனித்தனியாக இயங்கும் 'மைக்ரோ இன்வெர்ட்டர்' பொருந்தும். விலை கூடுதல்தான். ஆனால் நிழல் கூரையில் மலிவான அமைப்பைப் போட்டால் நஷ்டம் 25 வருடம் தொடரும்.

இரண்டாவது, ஓடு. பழைய மரச்சட்டத்தின் மேல் மங்களூர் ஓடு வேய்ந்த கூரையில் ஆணி இறக்கினால் மழைக்கு ஒழுகும். ஒரு பேனலே 25 கிலோவுக்கு மேல் எடை. மரம் அதைத் தாங்குமா என்று தச்சரோ பொறியாளரோ பார்த்துச் சொல்லாமல் ஏற்றக்கூடாது. இரும்புச் சட்டம் கட்டி ஷீட் போட்ட மொட்டைமாடியில் இந்தத் தொல்லை குறைவு.

மூன்றாவது, உப்புக் காற்று. காயலும் கடலும் சூழ்ந்த இடத்தில் சாதாரண இரும்புச் சட்டம் சீக்கிரம் துருவேறும். சூடான துத்தநாகக் குளியல் கொடுத்த இரும்பு அல்லது அலுமினியச் சட்டம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் என்று விலைப்பட்டியலில் எழுதச் சொல்லுங்கள். பேனல் உப்புப் படிவுச் சோதனையில் (ஐஇசி 61701) தேறியதா என்றும் கேளுங்கள். தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னை கடற்கரையோர வீடுகளுக்கும் இது பொருந்தும்.

நான்காவது, இடி. கேரளத்தில் கோடை மழையும் துலாமாத மழையும் இடியோடுதான் வரும். இடிதாங்கி, எர்த்திங், மின்னெழுச்சியைத் தடுக்கும் கருவி ஆகியவற்றில் யாராவது 'தள்ளுபடி' கொடுத்தால் வாங்காதீர்கள்.

பேனல் வகைக்கு அதிகம் கொடுக்கலாமா?

இப்போது கடைகளில் முக்கியமாக இரண்டு பெயர்கள்: 'மோனோ பெர்க்', அதைவிடப் புதிய 'டாப்கான்'. பேனலின் வாட் கணக்கு 25 டிகிரி வெப்பத்தில் அளந்தது. கூரையில் அது 60 டிகிரி வரை சூடாகும். ஒவ்வொரு டிகிரிக்கும் பெர்க் சுமார் 0.35 சதவீதமும், டாப்கான் சுமார் 0.30 சதவீதமும் திறன் இழக்கும். 35 டிகிரி வித்தியாசத்துக்குக் கணக்கிட்டால் ஒன்றில் 12 சதவீதமும் மற்றொன்றில் 10.5 சதவீதமும் இழப்பு.

வெப்பத்தைப் பொறுத்தவரை வித்தியாசம் 2 சதவீதத்துக்கும் குறைவு. விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் டாப்கான் எடுக்கலாம். இடம் குறைவான கூரைக்கு ஒரு சதுர அடியில் அதிக வாட் தரும் பேனல் உதவும். மற்றபடி வகையைவிட, நிழலும் சட்டமும் பொருத்தும் தரமும்தான் முக்கியம்.

கிரிட் என்ற பேட்டரிக்கு என்ன ஆகிறது?

பகலில் கொடுத்த ஒரு யூனிட்டுக்கு இரவில் ஒரு யூனிட் திரும்பக் கிடைப்பதுதான் 'நெட் மீட்டரிங்'. 'நெட் பில்லிங்' வேறு: நீங்கள் கொடுப்பதற்கு ஒரு விலை, வாங்குவதற்கு அதைவிடக் கூடிய விலை.

மின்வாரியத்தின் பக்கம் நின்றும் பார்க்க வேண்டும். கூரைகள் எல்லாம் தருவது நண்பகலில். கேரளம் அதிகம் கேட்பது இரவில். 2024 மே தொடக்கத்தில் கேரளத்தின் உச்சத் தேவை 5,800 மெகாவாட்டை நெருங்கியது. ஏசியும் மின்வாகன சார்ஜிங்கும் சேர்ந்து உச்ச நேரத்தை இரவு 10 மணிக்கு மேல் தள்ளிக்கொண்டு போயின. அந்த நேரத்தில் வாரியம் வெளியில் அதிக விலைக்கு வாங்கித்தான் உங்கள் 'டெபாசிட்டை'த் திருப்பித் தருகிறது. அந்தச் செலவு சோலார் இல்லாத வீட்டுக்காரர் பில்லிலும் ஏறும்.

இந்தப் பின்னணியில்தான் கேரள மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2025-ல் வெளியிட்ட வரைவு, நெட் மீட்டரிங்கை 3 கிலோவாட்டோடு நிறுத்த யோசனை சொன்னது. சோலார் போட்டவர்களும் நிறுவனங்களும் கடுமையாக எதிர்த்தார்கள். இறுதி விதிகளில் அந்த வரம்பு தளர்ந்தது. ஆனால் பெரிய அமைப்பு வேண்டும் என்றால் கூடவே பேட்டரியும் என்ற திசை மாறவில்லை.

இது கேரளத்தில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவின் கலிஃபோர்னியா 2023 ஏப்ரலில் நெட் பில்லிங்குக்கு மாறி, கூரையில் இருந்து வாங்கும் விலையை சுமார் முக்கால் பங்கு குறைத்தது. ஆஸ்திரேலியா 2025 ஜூலை முதல் வீட்டு பேட்டரிக்கே மானியம் தருகிறது. இலங்கையில் 2025 பிப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின்சாரம் போனது. அன்று தேவை குறைவு, சோலார் உற்பத்தி அதிகம். பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஏற்பட்ட கோளாறை கிரிட்டால் தாங்க முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகலில் கூரை சோலாரை அணைத்து வையுங்கள் என்று இலங்கை மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது.

அப்போ பேட்டரி வாங்கினால் லாபமா?

கணக்குப் போடுவோம். கீழே உள்ள விலைகள் எடுத்துக்காட்டுக்கு மட்டும். உங்கள் விலைப்பட்டியலையும் பில்லையும் வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

3 கிலோவாட் அமைப்பு 2,00,000 ரூபாய். மானியம் போக 1,22,000. மாதம் 350 யூனிட் உற்பத்தி. நீங்கள் மிச்சப்படுத்தும் யூனிட் சராசரியாக 6.50 ரூபாய். மிஞ்சியதை விற்றால் யூனிட்டுக்கு 3 ரூபாய்.

- நெட் மீட்டரிங்: ஆண்டுக்கு 27,300 ரூபாய் மிச்சம். போட்ட பணம் திரும்ப சுமார் நாலரை ஆண்டு.
- நெட் பில்லிங், பேட்டரி இல்லை, 40 சதவீதத்தைப் பகலிலேயே பயன்படுத்துகிறீர்கள்: ஆண்டுக்கு 18,480 ரூபாய். ஆறரை ஆண்டுக்குக் கொஞ்சம் மேல்.
- நெட் பில்லிங், கூடவே 1,00,000 ரூபாய்க்கு 5 யூனிட் பேட்டரி: ஆண்டுக்கு சுமார் 24,200 ரூபாய். ஒன்பது ஆண்டுக்கு மேல்.

மூன்றாவது வரியில் பேட்டரியை மட்டும் தனியாகப் பாருங்கள். தினமும் 4.5 யூனிட்டை 3 ரூபாய்க்கு விற்காமல் இரவுக்கு வைத்துக்கொள்கிறது. யூனிட்டுக்கு லாபம் 3.50 ரூபாய்; ஆண்டுக்கு சுமார் 5,750. ஒரு லட்சம் திரும்ப 17 ஆண்டு ஆகும். நல்ல லித்தியம் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ 10 ஆண்டு. இந்தக் கணக்கில் அதே பேட்டரி சுமார் 57,000 ரூபாய்க்குக் கிடைத்தால்தான் முதல் தேறும்.

நெட் மீட்டரிங் உள்ள வீட்டில் பேட்டரியால் பண லாபம் எதுவுமே இல்லை. கிரிட் அந்த வேலையை ஏற்கெனவே இலவசமாகச் செய்கிறது. இன்னொன்று: பேட்டரி பகலை இரவுக்குக் கொண்டுபோகும், மே மாத வெயிலை ஜூலை மழைக்குக் கொண்டுபோகாது. அதைக் கிரிட் மட்டுமே செய்யும்.

ஆக, பேனலை லாபக் கணக்குப் பார்த்து வாங்கலாம். பேட்டரியைத் தேவை பார்த்துத்தான் வாங்க வேண்டும். வீட்டில் ஆக்ஸிஜன் கருவியோ நெபுலைசரோ பயன்படுத்தும் பெரியவர் இருக்கிறார், இரவு ஷிஃப்டில் வீட்டில் இருந்தே வேலை, மழைக்காலத்தில் மணிக்கணக்கில் மின்தடை — இவை நியாயமான காரணங்கள். 'பில் குறையும்' என்பது இன்றைய விலையில் பலவீனமான காரணம்.

எவ்வளவு பெரிய பேட்டரி?

பில்லைப் பார்த்து அல்ல, இரவைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

- 30 வாட் பிஎல்டிசி ஃபேன் இரண்டு, 8 மணி நேரம்: 0.48 யூனிட்
- எல்இடி விளக்குகள் 40 வாட், 5 மணி நேரம்: 0.20
- ஃப்ரிட்ஜ், இரவு முழுக்க: சுமார் 0.50
- வைஃபை ரவுட்டர் 10 வாட், 12 மணி நேரம்: 0.12
- லேப்டாப் 60 வாட், 4 மணி நேரம்: 0.24
- டிவி 80 வாட், 3 மணி நேரம்: 0.24

மொத்தம் 1.78. ரெண்டு யூனிட்கூட இல்லை! இதோடு ஒரு டன் ஏசி இரவு முழுக்க ஓடினால் இன்னும் சுமார் 5 யூனிட் சேரும். பேட்டரிச் செலவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த ஒரு ஏசிதான்.

இனி வகை. பல வீடுகளில் இருக்கும் 12 வோல்ட், 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி காகிதத்தில் 1.8 யூனிட். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் கையில் கிடைப்பது 0.9 யூனிட்தான். 3 முதல் 5 ஆண்டில் மாற்ற வேண்டும். தண்ணீரும் ஊற்ற வேண்டும். 'எல்எஃப்பி' எனப்படும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 80 முதல் 90 சதவீதம் வரை பயன்படுத்தலாம். 4,000 முறைக்கு மேல் சார்ஜ் ஏற்றி இறக்கலாம்.

'லித்தியம்' என்று எழுதியிருந்தால் எல்லாம் ஒன்றல்ல. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கு வந்த வாட்டர் மெட்ரோ படகுகளில் இருப்பது லித்தியம் டைட்டனேட் வகை. ஜெட்டியில் நிற்கும் சில நிமிடங்களில் சார்ஜ் ஏற வேண்டும் என்பதால் அது. எடையும் விலையும் அதிகம். வீட்டு பேட்டரிக்கு ஏற நாள் முழுக்க வெயில் இருக்கிறது. அதற்கு எல்எஃப்பி போதும். நல்ல காற்றோட்டமுள்ள, வெயில் படாத, மழை வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள். கொச்சியில் தரைத்தளம் அதற்குச் சரியான இடமல்ல.

ஏற்கெனவே சோலார் இருக்கு. மேம்படுத்தலாமா?

பழைய பேனலோடு புதிய பேனலை ஒரே வரிசையில் கோக்காதீர்கள். அந்த வரிசையில் ஓடும் மின்னோட்டத்தைப் பலவீனமான பேனல்தான் தீர்மானிக்கும். புதியதுக்குக் கொடுத்த காசு வீண். தனி வரிசை அல்லது தனி இன்வெர்ட்டர் வேண்டும்.

பழைய பேனலைக் கழற்றித் தூக்கிப்போடவும் அவசரம் வேண்டாம். பேனல் ஆண்டுக்கு சுமார் அரை சதவீதம்தான் தேயும். 10 ஆண்டுப் பேனலிலும் பெரும்பகுதி திறன் மிச்சம் இருக்கும். முதலில் சோர்வது இன்வெர்ட்டர். அதன் ஆயுள் 10 ஆண்டு அளவுதான். அதை மாற்றும் தருணமே ஹைப்ரிட் வகைக்குப் போக நல்ல நேரம். இன்வெர்ட்டர் நன்றாக இருக்கும்போதே பேட்டரி அவசரமாக வேண்டும் என்றால், பழையதை அப்படியே விட்டு, பேட்டரிக்கு மட்டும் தனி இன்வெர்ட்டர் சேர்க்கும் முறையும் உண்டு.

எதைச் சேர்த்தாலும் மின்வாரியத்துக்குத் தெரிவித்து ஒப்பந்தத்தைத் திருத்துங்கள். 10 கிலோவாட் வரை தனி தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை என்று மத்திய அரசின் 2024 விதித் திருத்தம் சொல்கிறது. சொல்லாமல் கூட்டுவதற்கு அவசியமே இல்லை.

வாடகை வீட்டில், அடுக்குமாடியில் இருப்பவர்கள்?

அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம் லிஃப்ட், மோட்டார், மின்வாகன சார்ஜிங் போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு சோலார் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. பராமரிப்புக் கட்டணம் குறைய இது நல்ல வழி. வாடகை வீட்டில் மின்தடைதான் கவலை என்றால், பேனலே வேண்டாம். வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போகக்கூடிய சின்ன லித்தியம் இன்வெர்ட்டர் போதும்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

- என் கூரையில் காலை 9 முதல் மாலை 4 வரை நிழல் எங்கே விழுகிறது? டிசம்பரில் எங்கே விழும்?
- பேனல் டிசிஆர் வகையா? மானியம் என் வங்கிக் கணக்குக்கு நேராக வருமா?
- இன்வெர்ட்டர் ஹைப்ரிட் வகையா? இல்லை என்றால் பின்னால் பேட்டரி சேர்க்க என்ன செலவாகும்?
- திட்டத்தின்படி 5 ஆண்டுப் பராமரிப்பு விற்பனையாளர் பொறுப்பு. அது எழுத்தில் இருக்கிறதா?
- இன்று அமலில் உள்ள விதிப்படி எனக்குக் கிடைப்பது நெட் மீட்டரிங்கா, நெட் பில்லிங்கா?

கடைசிக் கேள்விக்கான பதில் இன்னும் சில ஆண்டுகளில் மாறலாம். பேனல் 25 ஆண்டு நிற்கும். பேட்டரி விலை அதற்குள் பல முறை மாறும். அதனால் இரண்டையும் ஒரே நாளில், ஒரே கடனில் முடிவு செய்ய வேண்டிய கட்டாயம் பெரும்பாலான வீடுகளுக்கு இல்லை. பகலில் வீட்டிலேயே செலவாகும் அளவை ஒட்டிப் பேனல் போட்டு, பேட்டரிக்கு இடமும் வயரும் ஒதுக்கி வையுங்கள். வாஷிங் மெஷினையும் தண்ணீர் மோட்டாரையும் ஸ்கூட்டர் சார்ஜிங்கையும் பகல் 11 மணிக்கு மாற்றுங்கள். விதி எப்படி மாறினாலும் அந்த யூனிட்டின் முழு மதிப்பு உங்களுக்கே.